வந்த வழி: தாய்

அந்தச் சொல்லைப் போட்டது நான்தான். வேறு யார் தலையிலும் கட்ட முடியாது, கூட்டக் குறிப்பிலேயே என் பெயர் இருக்கிறது.

மூன்று வருடத்துக்கு முன்னால் சென்னையில், ஏசி சரியாக வேலை செய்யாத ஓர் அறையில், ஒன்பது பேர் உட்கார்ந்து ஒரு குறுஞ்செய்திக்குத் தமிழ் தேடிக்கொண்டிருந்தோம். அப்போதுதான் அந்தப் பெட்டியைச் செய்து முடித்திருந்தோம். மூளையில் நாடாப்புழுவின் குஞ்சு தங்கி வலிப்பு வந்தவரிடம் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துக் கொடுத்தால் போதும். அந்தக் குஞ்சை ஈன்ற பெரிய புழு எது, அது அவர் ஊரில் எந்த மனிதரின் குடலில் குடியிருக்கிறது என்று ஊராரின் மலத்தோடு ஒப்பிட்டுப் பெட்டி சொல்லிவிடும். முடிவு நேராக நோயாளி வீட்டுக் கைப்பேசிக்குப் போகும். செய்தி மிகச் சின்னதாக இருக்க வேண்டும் என்றார்கள்.

குடலில் இருக்கும் பெரிய புழுவை என்னவென்று சொல்வது? 'மூலப்புழு' என்றார் ஒருவர். மூலம் என்றதும் நம் ஜனங்களுக்கு எந்த வியாதி ஞாபகம் வரும் என்று இன்னொருவர் கேட்க, அறையே சிரித்தது. 'பெற்றோர்ப்புழு' நீளம். 'முதற்புழு' யாருக்கும் பிடிக்கவில்லை. பஜ்ஜி ஆறிக்கொண்டிருந்தது. நான் சொன்னேன்: குடலில் இருப்பது தாய், மூளையில் இருப்பது சேய். கைதட்டினார்கள். தாய்ப்புழு என்பதும் நீளம்தான் என்று 'புழு'வை வெட்டிவிட்டார்கள். வந்த வழி: தாய். அழகாக இருக்கிறது என்று இயக்குநர் அம்மாவே பாராட்டினார். அன்று முழுவதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

பெட்டிக்கு நாங்கள் வைத்த பெயர் 'வேர்'. புங்கடியில் முதல் நாளே அதற்கு ஜாதகப் பெட்டி என்று பெயர் விழுந்துவிட்டது.

புங்கடி நாகைக்குத் தெற்கே, கடலுக்கும் உப்பளத்துக்கும் நடுவில் இருக்கும் ஊர். ஒரே வருடத்தில் அங்கே பதினொரு பேருக்கு வலிப்பு வந்திருந்தது. முதலில் கைப்பேசிக் கோபுரம்தான் காரணம் என்றார்கள். அப்புறம் கன்னிமார் கோபம் என்றார்கள். கடைசியில் ஊர் ஓரத்தில் பன்றி வளர்த்துக்கொண்டிருந்த குடும்பத்தைத் துரத்திவிட்டார்கள். அவர்களை வெளியூரில் தேடிப் பிடித்துச் சோதித்துப் பார்த்தேன். அவர்கள் வயிற்றில் ஒன்றுமே இல்லை. துரத்தியவர்கள் யாரும் போய் அவர்களைத் திரும்பக் கூப்பிடவில்லை.

கிராம சுகாதார செவிலியர் ஜெசிந்தாவோடு நான் முதலில் போனது சத்யகலாவின் வீட்டுக்கு. அவள் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவள். கணவன் குவைத்தில். மகள் மிருதுளாவுக்குப் பதினைந்து வயது. வாய்க்காலில் எதிர்நீச்சல் போட்டுக்கொண்டிருந்த பெண்ணை, வலிப்பு வந்த பிறகு குளத்துப் படிக்குக்கூட விடுவதில்லை. பாவாடை நாடாவில் ஒரு இரும்புச் சாவியை முடிந்து விட்டிருந்தார்கள். சாவியால் ஒன்றும் ஆகாது என்று ஜெசிந்தா சொன்னாள். "ஆவாட்டிப் போவுது, இருந்துட்டுப் போவட்டும்" என்றாள் சத்யகலா.

ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். மூன்று இடத்தில் பயறு அளவுக்கு வெள்ளைப் புள்ளிகள் இருந்தன.

"நாங்க பன்னிக்கறிய மோந்துகூடப் பாத்ததில்ல சார். இவ முட்டைகூடத் திங்க மாட்டா. இவ தலைக்குள்ள அந்தப் புழு எப்படி வந்துச்சு?"

"கறி தின்னவங்களுக்கு நேரா மூளைக்கு வராதுங்க. வேகாத கறியத் தின்னா புழு குடல்ல வளரும். அவங்களுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது. ஜம்முன்னு நடமாடுவாங்க. ஆனா அது முட்டை போட்டுக்கிட்டே இருக்கும். வெளிக்குப் போய்ட்டு கைய ஒழுங்கா கழுவாம சோத்துல கை வெச்சாங்கன்னா, அந்தச் சோத்தத் தின்னவங்களுக்குத்தான் மூளைக்குப் போவும்."

"தின்னது ஒருத்தரு, அனுபவிக்கிறது இன்னொருத்தரா?"

"ஆமாங்க."

"கொதிக்கிற சோத்துல இருந்தாலுமா?"

"கொதிச்சா முட்டை செத்துரும். ஆறின பொறவு கை படுறதுலதான் வினையே."

அவள் என் முகத்தையே உற்றுப் பார்த்தாள். எனக்குச் சங்கடமாக இருந்தது.

"நீங்க புயலப்ப பள்ளிக்கூடத்துல இருந்த தம்பிதானே? தாடி வெச்சுக்கிட்டு?"

நான்தான். நான்கு வருடத்துக்கு முன்னால் புயலில் கூரைகள் பறந்தபோது, ஊரில் பாதிப் பேர் பள்ளிக்கூடத்தில் பதினெட்டு நாள் தங்கியிருந்தார்கள். மாணவத் தொண்டனாக வந்திருந்தேன். சத்யகலா அண்டா அண்டாவாகச் சோறு வடிப்பாள். மத்தியானச் சோற்றில் மீந்ததை ஆறவைத்துத் தயிர்சாதம் பிசைவது என் வேலை. கரண்டி இருக்கிறது தம்பி என்று அவள் நீட்டுவாள். கையால் பிசைந்தால்தான் ருசி என்று சட்டையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு இறங்குவேன். தண்ணீர் லாரி இரண்டு நாளுக்கு ஒரு முறைதான் வரும். அதில் குடிக்கப் போக மிச்சம் இருந்தால்தான் கை கழுவ.

"இவ ரெண்டு தடவ வந்து வாங்கித் திம்பா. தயிர்சாத அண்ணன், தயிர்சாத அண்ணன்னு உங்க பின்னாடியே சுத்துவா. ஞாபகம் இருக்காடி?"

மிருதுளா வெட்கப்பட்டுச் சிரித்தாள். அதற்குப் பிறகு சத்யகலா என்னை ஒரு நாளும் சார் என்று கூப்பிடவில்லை. எப்போதும் தம்பிதான்.

படிக்கிற உங்களுக்கு இந்நேரம் பொறி தட்டியிருக்கும். எனக்குத் தட்டவில்லை. சத்தியமாகத் தட்டவில்லை. நான் சோதிக்க வந்தவன், படித்தவன், பையில் எப்போதும் சோப்பு வைத்திருப்பவன். சோதிக்க வந்தவனுக்குத் தன்மேல் சந்தேகம் வருவதே இல்லை.

இதைவிட மோசமான ஒன்றும் உண்டு. பெட்டியை ஒரு ஊரில் திறந்ததும், நோயில்லாத வயிறு எப்படி இருக்கும் என்று அதற்கு முதலில் காட்ட வேண்டும். புழு இல்லாதவர் ஒருவருடைய மலத்தைச் சுத்தமான மாதிரி என்று வைப்போம். அதில் இருப்பது எதையும் பெட்டி அதன்பிறகு எவர் மலத்திலும் கண்டுகொள்ளாது. விதிப்படி அந்த ஆளை முதலில் தனியாகச் சோதிக்க வேண்டும். அதற்கு இரண்டு நாள் ஆகும். எதற்கு வீண் அலைச்சல் என்று என்னுடையதையே வைத்துவிட்டேன்.

நான்கு மாதத்தில் ஊரையே சோதித்தோம். ஆயிரத்து முந்நூறு பேர். பதினொரு பேர் மூளையில் இருந்ததும் ஒரே புழுவின் குஞ்சுகள். பதினொரு பேருமே புயலின்போது பள்ளிக்கூடத்தில் இருந்தவர்கள். அதுவரைக்கும் பெட்டி பிசகில்லாமல் சொன்னது. ஆனால் அந்தப் பெரிய புழு ஊரில் எவர் வயிற்றிலும் அகப்படவில்லை.

"அப்ப அந்தப் புழுவ வெச்சிருந்தவங்க எங்கதான் போனாங்க?" என்று சத்யகலா கேட்டாள்.

"நாலு வருசத்துல அதுவா செத்து வெளிய போயிருக்கலாம். இருந்ததும் தெரியாது, போனதும் தெரியாது."

"அப்ப அவங்களுக்கு இப்பவும் தெரியாதா, தன்னாலதான் இப்படி ஆச்சுன்னு?"

"தெரியாது."

"பாவம்" என்றாள்.

அன்று சாயங்காலம் பதினொரு வீட்டுக்கும் செய்தி போனது. மறுநாள் காலையில் டீக்கடையில் பெரியவர் சிங்காரவேலு என்னைப் பிடித்துக்கொண்டார். அவரும் பதினொரு பேரில் ஒருவர். "வந்த வழி தாய்னு போட்டுருக்கீங்க. எங்க ஆத்தா செத்து இருவது வருசமாச்சு. சுடுகாட்டுல போயி அவளப் புடிக்கப் போறீங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அலுவலகத்துக்குப் போன் போட்டு அதை ஒரு நகைச்சுவையாகவும் சொன்னேன். அந்த நிமிடமே பதினொரு வீட்டுப் படியும் ஏறி இறங்கியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு வாரம் கழித்து எனக்குச் சளிக் காய்ச்சல். பாக்கியிருந்த மறுசோதனைக்காக ஜெசிந்தாவே பெட்டியைப் புதிதாகத் திறந்தாள். அவள் விதிப்படி நடப்பவள். தன்னை முறையாகச் சோதித்துவிட்டுத் தன் மாதிரியைச் சுத்தமானதாக வைத்தாள். பெட்டியில் ஏற்கெனவே கிடந்த என்னுடைய குப்பியையும் ஒரு பேச்சுக்கு உள்ளே போட்டுப் பார்த்திருக்கிறாள். மத்தியானம் என் அறைக்கு வந்தாள்.

"சார், உங்க குப்பியப் போட்டா தாய்னு காட்டுது. பதினொண்ணோடயும் பொருந்துதுங்குது. மெஷின் கெட்டுப்போச்சு போல."

அப்போதுதான் தட்டியது. தயிரில் முழங்கை வரை முங்கிய என் கை கண்முன்னால் வந்தது. புயலுக்கு முந்தின வருடம் நண்பர்களோடு மலையேறப் போன இடத்தில், மழைக்குப் பயந்து பாதி வெந்ததிலேயே பிய்த்துத் தின்ற பன்றிக்கறியும் ஞாபகம் வந்தது.

"ஆமா சிஸ்டர்" என்றேன். "கெட்டுத்தான் போச்சு. சென்னைக்கு அனுப்பணும்."

அவள் ஒரு கணம் கூடுதலாக என்னைப் பார்த்துவிட்டு, சரி சார் என்று போய்விட்டாள்.

அன்றே பூச்சி மாத்திரை வாங்கி விழுங்கினேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கு வண்டி ஏறினேன். இயக்குநர் அம்மாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"மாத்திரை போட்டாச்சுல்ல? இனிமே உங்களால யாருக்கும் வராது. 'தாய் தெரியவில்லை'ன்னு போட்டு ஃபைலை மூடுங்க பரிதி. கண்டுபிடிக்க வந்தவரே பரப்பினவர்னு வெளிய தெரிஞ்சா நாளைக்கு எந்த ஊர்ல பெட்டிய உள்ள விடுவாங்க? இன்னும் நாப்பது ஊர் பாக்கி இருக்கு. அங்கயும் பிள்ளைங்க இருக்குதுங்க. இதைக் கைகழுவிட்டு அடுத்த வேலையப் பாருங்க."

ஊர் ஊராகப் போய்க் கை கழுவுங்கள் என்று சொல்வதுதான் எங்கள் வேலை. அவர் அதை நினைத்துச் சொல்லவில்லை. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நாற்பது ஊர் என்பது பெரிய எண்ணிக்கை, என் கோழைத்தனம் முழுவதும் அதற்குள் சௌகரியமாக ஒளிந்துகொண்டது. யாருக்கு என்ன நஷ்டம், தெரியாமல் நடந்ததுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, தி.நகர் விடுதியில் ஒரு வாரம் நன்றாகத் தூங்கினேன். அதுதான் இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

எட்டாம் நாள் ஜெசிந்தா கூப்பிட்டாள்.

"மிருதுளாவுக்குக் கை வெந்துபோச்சு சார். தோசக்கல்லு மேலயே வலிப்பு வந்து விழுந்துட்டா."

"அவ ஏன் அடுப்புகிட்ட போனா? போகக்கூடாதுன்னு சொல்லியிருக்கோமே?"

"அவங்கம்மா சமைக்கிறதையே விட்டுட்டாங்க சார். சத்துணவு வேலையையும் விட்டுட்டாங்க. மூணு வேளையும் கடைப் பார்சல்தான். அதுவும் பொண்ணுக்கு மட்டும். தான் ஒழுங்கா சாப்புடறது இல்ல. அம்மாவுக்குச் சூடா ஒரு தோசை ஊத்தித் தரலாம்னு இந்தப் பொண்ணு அடுப்பப் பத்த வெச்சிருக்கு."

"ஏன் சமைக்கிறத விட்டாங்க?"



"உங்க மெசேஜ் வந்ததுலேருந்துதான் சார். வந்த வழி தாய்னு."

நான் மறுநாள் காலையில் மருத்துவமனையில் இருந்தேன். மிருதுளா ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தாள். வலது கை முழுக்கக் கட்டு. மேசைமேல் ஒரு தயிர்சாதப் பார்சல் பிரிக்காமல் இருந்தது. இடது கையால் சாப்பிட அவளுக்கு வரவில்லை. பக்கத்துக் கட்டில் நோயாளியின் மகள், தன் வேலை முடிந்ததும் வந்து ஊட்டிவிடுவதாகச் சொல்லியிருந்தாளாம். சத்யகலா கட்டிலிலிருந்து நாலு அடி தள்ளிச் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கையையும் புடவைத் தலைப்புக்குள் சுற்றி வைத்திருந்தாள்.

"வாங்க தம்பி" என்றாள். "பாத்தீங்களா, திங்கக் குடுத்த கைதான் தீய வெச்சிருக்கு."

"யாரு அக்கா அப்படிச் சொன்னது?"

"யாரும் சொல்லல. பதினொரு பேருக்கும் அன்னைக்கு ஆக்கிப் போட்டவ நான்தானே. ஊர்ல ஒருத்தரும் எங்கிட்ட வந்து கேக்கல. அது அவங்க நல்ல மனசு."

"உங்களச் சோதிச்சதுல ஒண்ணுமில்லன்னு வந்துச்சேக்கா."

"நீங்கதானே சொன்னீங்க, இருந்ததும் தெரியாது செத்ததும் தெரியாதுன்னு. அன்னைக்கு யாரையோ நெனச்சுப் பாவம்னேன்." கைகளைத் தலைப்புக்குள் இன்னும் இழுத்துக்கொண்டாள். "சாயங்காலமே மெசேஜ் வந்துருச்சு. தாய்னு போட்டு."

"அது நீங்க இல்லக்கா. அந்தப் பெரிய புழுவுக்குத்தான் நாங்க அப்படிப் பேரு வெச்சிருக்கோம். குட்டிப் புழுவுக்குச் சேய், பெரிய புழுவுக்குத் தாய். எல்லார் வீட்டுக்கும் அதே வரிதான் போச்சு."

"புழுவுக்கா?"

"ஆமாக்கா."

"புழுவுக்கா தாய்னு பேரு வெச்சீங்க?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

"அப்ப நான் இல்லையா?"

"இல்ல."

"நல்லாத் தெரியுமா தம்பி? நான் இல்லையா?"

"நீங்க இல்லக்கா. நீங்க கொதிக்கக் கொதிக்க வடிச்ச சோத்துல எதுவுமே இல்ல."

அவள் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள். அழுதாளா சிரித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. தலைப்புக்குள்ளிருந்து கைகள் மெல்ல வெளியே வந்தன. அவற்றைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். பிறகு எல்லோரும் கேட்கும் கேள்வியைக் கேட்டாள்.

"அப்ப யாரு தம்பி?"

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். வண்டியில் வரும்போது அந்தப் பதிலையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் வந்தேன். அவள் கைகளைப் பார்த்த பிறகு அது வாயில் வரவில்லை.

"அந்தத் தாய் நான்தான்க்கா" என்றேன்.

பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார். கேட்க வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மலையில் தின்ற கறி, தண்ணீர் இல்லாத முகாம், ஆறிய சோறு, கரண்டியை வேண்டாம் என்றது, சுத்தமான மாதிரி என்று என்னையே வைத்துக்கொண்டது. மிருதுளா தலையணையில் முகத்தைத் திருப்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லி முடித்ததும் அங்கேயே என் கைப்பேசியில் அந்தச் செய்திப் படிவத்தைத் திறந்தேன். 'வந்த வழி' என்ற இடத்தில் 'தாய்' என்பதை அழித்துவிட்டு என் பெயரைப் போட்டுப் பதினொரு வீட்டுக்கும் அனுப்பினேன். சத்யகலாவின் இடுப்பில் செருகியிருந்த கைப்பேசி அதிர்ந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

"தெரியாமத்தானே தம்பி செஞ்சீங்க" என்றாள். "நல்லது செய்யணும்னுதானே வந்தீங்க."

எனக்கு உடம்பெல்லாம் லேசானதுபோல் இருந்தது. மன்னித்துவிட்டாள் என்றே நினைத்தேன்.

"எப்பத் தெரிஞ்சுச்சு உங்களுக்கு?"

பொய் சொல்ல அப்போதும் ஒரு வழி இருந்தது. நேற்று என்று சொல்லியிருக்கலாம்.

"இன்னையோட ஒம்பது நாள்."

அவள் மகளின் கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள். சத்யகலாவின் கட்டைவிரல் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு வந்தது.

"கை வெந்து நாலு நாளாச்சு" என்றாள்.

எழுந்து தாழ்வாரத்துக் குழாய்க்குப் போனாள். நான் ஊருக்குச் சொல்லிக்கொடுத்த முறைப்படியே, நகக்கண், விரலிடுக்கு, மணிக்கட்டு என்று சோப்புப் போட்டு நெடுநேரம் கழுவினாள். வந்து பார்சலைப் பிரித்து, தயிர்சாதத்தைக் கையால் மசியப் பிசைந்தாள். மூன்று வாரத்துக்குப் பிறகு மகளின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். மிருதுளா ஒன்றும் கேட்காமல் வாயைத் திறந்தாள்.

ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றித் தண்ணீர் டம்ளரை எடுத்து நீட்டினேன். சத்யகலா அதை வாங்கவில்லை. அடுத்த கவளத்தை உருட்டிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

"நீங்க கெளம்புங்க சார்."

டம்ளரை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.